பாசிட்டிவ் வந்துருச்சுங்க

அந்த அக்காவுக்கு மெல்லப் பேச வராது. சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்கு சைக்கிள் வராது, அக்காவுக்கு ரகசியக் குரல் வராது. காதோடு காதாக ஒரு சேதி சொல்கிறேன் என்று பக்கத்தில் வந்து குனிவார். சொல்லி முடிப்பதற்குள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பேக்கரிக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

என் பிழைப்போ மெல்லப் பேசுவதில்தான் ஓடியது. திருப்பூரில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஆலோசகர் வேலை. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எச்.ஐ.வி. என்பதை ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 'அந்தச் சீக்கு' என்று கையை மட்டும் ஆட்டுவார்கள். சோதனைக்கு வருகிறவரைச் சின்ன அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தி, என்ன பார்க்கப்போகிறோம், முடிவு எப்படி வந்தாலும் மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று பக்குவமாகச் சொல்ல வேண்டும். அங்கே கேட்டது அங்கேயே கிடக்க வேண்டும். எங்களுடையது திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்காக வந்து சேர்ந்த குடும்பம். "வீட்டுல நாங்க எல்லாரும் துணியைத் தைச்சுச் சம்பாதிக்கோம். இவ வாயைத் தைச்சுக்கிட்டுச் சம்பாதிக்கா" என்று அம்மா கேலி செய்வாள்.

என் அறைக்கும் காத்திருக்கும் கூடத்துக்கும் நடுவில் வெறும் பிளைவுட் தடுப்புதான். என்னிடம் வருகிறவர்கள் பேசுகிற குரலுக்கு அது போதும். அக்காவுக்குச் செங்கல் சுவர் எழுப்பியிருந்தாலும் போதாது.

அவர் முதன்முதலில் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கூடத்தில் பெஞ்சு நிறைய ஆட்கள். அங்கே யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள் என்பது எழுதாத சட்டம். சர்க்கரை பார்க்க வந்தவர்கூட, வேறு எதற்கோ வந்திருக்கிறான் என்று நினைத்துவிடப் போகிறார்களே என்று தலையைக் குனிந்து டோக்கனையே படித்துக்கொண்டிருப்பார். அக்கா நேராக கவுன்டர் முன்னால் போய் நின்றார். நல்ல உயரம். இரண்டு பக்கமும் மூக்குத்தி. கொண்டையில் பனியன் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, எந்தம்பிக்கு நான் கிட்னி குடுக்கறனுங்க. எய்ட்ஸு இருக்குதா, காமாலைக் கிருமி இருக்குதா, எல்லாம் பாத்துப்போட்டு வரச் சொன்னாங்க கோயமுத்தூர்ல. எங்கீங்க குத்தறது?"

குனிந்திருந்த தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துக்கொண்டு வந்து கதவைச் சாத்தினேன்.

"யக்கா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. வெளியில ஆளுக இருக்காங்க."

"இருந்தா இருக்கட்டுமே கண்ணு. ஒளிச்சுப் பேசறதுக்கு நான் என்ன களவாண்டனா?"

இந்த 'களவாண்டனா' அவருடைய வாயில் எந்நேரமும் இருக்கும். பஸ்ஸில் ஊருக்கே கேட்கிற மாதிரி போன் பேசும்போது யாராவது முறைத்தால் அதைச் சொல்வார். கோவிலில் வேண்டுதலை உரக்கச் சொல்லும்போதும் அதையேதான் சொல்வார். சாமிக்கும் சேர்த்துத்தான் அந்தக் கேள்வி போலிருக்கிறது.

ஆலோசனையில் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். நான் குரலை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கி, வீட்டுக்காரரைத் தவிர வேறு யாருடனாவது பழக்கம் உண்டா என்று கேட்டேன். அக்கா தொடையில் தட்டிச் சிரித்தார்.

"ஏங் கண்ணு, எனக்குப் பகல் ஷிப்டு, அவருக்கு ராத்திரி ஷிப்டு. கட்டுன மனுசனையே ஞாயித்துக்கெழமைதான் கண்ல பாக்கறேன். இதுல வேற ஆளுக்கு எங்க போறது!"

தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்தார்கள். அடுத்த நொடி மொத்தக் கூடமும் சிரித்தது. அந்தக் கூடத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். அக்கா ரத்தம் கொடுத்துவிட்டுப் போன பிறகு, வாசல்வரை வருவதும் திரும்பிப் போவதுமாக இருந்த ஓர் இளந்தாரி கவுன்டருக்கு வந்தான். "அந்தக்காளுக்கு எடுத்தீங்கல்லங்க, அதே டெஸ்டு எனக்கும் எடுங்க" என்றான். என் பக்குவமான பேச்சு எதுவும் அவனை அதுவரை உள்ளே கொண்டுவரவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ரோஷம்கூட வந்தது.

குரலுக்குக் காரணம் தறி. அக்கா பல்லடத்துப் பக்கம் தறிக்குடோனில் பிறந்து வளர்ந்தவர். விடிந்ததிலிருந்து விசைத்தறி கடகடவென்று அடித்துக்கொண்டே இருக்கும் இடத்தில் தொட்டில் கட்டிப் போட்டிருந்தார்களாம். அங்கே பசிக்கு அழுவதென்றாலும் தறியைத் தாண்டி அழுதால்தான் தாய்க்குக் கேட்கும். கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்த பிறகும் தொண்டை இறங்கவில்லை. கம்பெனியில் அதை ஒரு வசதியாகவே எடுத்துக்கொண்டார்கள். மணி ரிப்பேர் என்றால் சூப்பர்வைசர் அக்காவைப் பார்ப்பார்; அக்கா "சோத்துக்குப் போலாமுங்க" என்பார்; மேல்மாடி கட்டிங் மேஜைவரை எல்லாரும் கையை நிறுத்துவார்கள்.

தறிக்குடோன் அவருக்கு இன்னொன்றும் கொடுத்திருந்தது. காது கேட்காத அந்தச் சத்தத்தில் ஆளுக்கு ஆள் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள் அவர்கள். அக்கா கூடத்தின் இந்தக் கோடியில் உட்கார்ந்துகொண்டு, அந்தக் கோடியில் இரண்டு பேர் கிசுகிசுப்பதை அப்படியே திருப்பிச் சொல்வார். தானும் ரகசியம் பேச மாட்டார், அடுத்தவர்களையும் பேச விட மாட்டார். இப்படி ஒரு ஆள் ரகசியத்தையே பிழைப்பாக வைத்திருந்த என்னிடம் வந்து சேர்ந்தார்.

தம்பியைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது. காதர்பேட்டை பனியன் சந்தைக்குச் சரக்குப் போடும் ஒரு கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. முப்பதைத் தாண்டுவதற்குள் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் இரண்டு நாள் கோயமுத்தூருக்குப் போய் இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவார். கால் இரண்டும் வீங்கிக் கிடக்கும். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கக் கூடாது. குடித்தது வெளியே போக வழியில்லை. அவர் ஒழுங்காகச் சிறுநீர் கழித்து மாதக்கணக்கில் ஆகிறது என்று அக்காதான் சொன்னார், வழக்கம்போல மொத்தக் கூடத்துக்கும். சொந்தத்தில் மற்றவர்களுக்கு ரத்த வகை ஒத்து வரவில்லை, அல்லது சர்க்கரை. அக்கா ஒருவர்தான் மிச்சம். அவருடையது பொருந்தாவிட்டால் தம்பிக்கு வேறு ஆள் இல்லை.

கிருமிச் சோதனை எதற்கு என்று அவருக்கு விளக்கினேன். சிறுநீரகம் தனியாகப் போகாது. கொடுப்பவர் உடம்பில் ஏதாவது கிருமி இருந்தால் அதையும் கூட்டிக்கொண்டு போகும். வாங்கிக்கொள்பவருக்கோ, உடம்பு புதுச் சிறுநீரகத்தைத் தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை கொடுப்பார்கள். அந்த நேரத்தில் சாதாரணக் கிருமியும் ஆளைச் சாய்த்துவிடும். அதனால் எச்.ஐ.வி., இரண்டு வகை மஞ்சள்காமாலைக் கிருமி, அதோடு சைட்டோமெகலோ என்று ஒரு வைரஸ், இவை எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

"கடேசியா என்ன சொன்ன கண்ணு? சைக்கிள் மெக்கானிக்கா?"

அன்றிலிருந்து அதற்குப் பெயர் சைக்கிள் கிருமி. கொஞ்ச நாளில் எங்கள் நிலையத்து டாக்டரே அப்படிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

முடிவு வந்தது. நான் அக்காவை அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"எச்.ஐ.வி. இல்லக்கா. காமாலைக் கிருமி ரெண்டும் இல்ல. அந்தச் சைட்டோமெகலோ மட்டும் பாசிட்டிவ்னு வந்திருக்கு. ஆனா..."

என் 'ஆனா' காற்றில் போயிற்று. அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு ஓடினார்.

இந்த இடத்தில் பனியன் கம்பெனிப் பேச்சு தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்குச் சாம்பிள் அனுப்பிவிட்டுக் கம்பெனியே வாயைப் பிளந்து காத்திருக்கும். ஒருநாள் ஆபீஸ் ரூமிலிருந்து யாராவது வந்து, "பையர் பாசிட்டிவா சொல்லிட்டாங்க" என்பார்கள். அப்படியென்றால் ஆர்டர் வந்துவிட்டது, எல்லாருக்கும் வேலை உண்டு, தீபாவளி நன்றாக இருக்கும். பாசிட்டிவ் என்ற சொல்லுக்கு அங்கே அந்த ஒரே அர்த்தம்தான். அக்காவுக்கும் அந்த ஒரே அர்த்தம்தான் தெரியும்.

"பாசிட்டிவ் வந்துருச்சுங்க! எனக்குப் பாசிட்டிவ் வந்துருச்சுங்க! எந்தம்பி பொழைச்சுக்குவானுங்க!"

கூடம் உறைந்து போயிற்று. அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் கேட்க பயந்து வந்த சொல் அது. பெஞ்சில் இருந்தவர்கள் காலை இழுத்துக்கொண்டார்கள். அக்கா அதைக் கவனிக்கவே இல்லை. பக்கத்திலிருந்த அம்மாளைக் கட்டிப்பிடித்தார். அங்கேயே நின்று தம்பிக்குப் போன் போட்டு அதையே சொன்னார். கம்பெனிக்குப் போன் போட்டு அதையே சொன்னார். நான் பின்னாலேயே ஓடி அவரைப் பிடிப்பதற்குள் எதிர்ப்பக்கம் போய் ஒரு பொட்டலம் மைசூர்பாகு வாங்கிவந்து ஆளுக்கு ஒன்று கையில் திணித்துவிட்டார். யாரும் வாயில் போடவில்லை. கீழே வைக்கவும் தைரியமில்லை. மைசூர்பாகை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருவழியாக உள்ளே இழுத்து வந்து விஷயத்தைச் சொன்னேன். ரத்தச் சோதனையில் பாசிட்டிவ் என்றால் 'இருக்கிறது' என்று அர்த்தம் என்றேன். அக்காவின் முகம் சட்டென்று வாடியது.

"அப்ப இது நல்லதா, கெட்டதா? ஒத்தையாச் சொல்லு கண்ணு."

"பயப்பட ஒண்ணும் இல்லக்கா. அந்தக் கிருமி நம்ம ஊருல அநேகமா எல்லாருக்கும் சின்ன வயசுலேயே வந்துட்டு, உள்ள தூங்கிக்கிட்டுக் கிடக்கும். இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சா டாக்டருங்க அது முழிக்காமப் பாத்துக்கிடுவாங்க. அதுக்குத்தான் இந்த டெஸ்டே. உங்க கிட்னி வேண்டாம்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

டாக்டர்கள் சொல்லவில்லைதான். ஊர் சொன்னது. அன்று பொழுது சாய்வதற்குள் கம்பெனி முழுக்க, அக்கா குடியிருந்த லைன் வீடுகள் முழுக்கச் சேதி பரவிவிட்டது. அந்தம்மாளுக்குப் பாசிட்டிவாம். எந்தக் கிருமி என்று ஒருவரும் கேட்கவில்லை. ரத்தத்தில் பாசிட்டிவ் என்றால் ஊருக்குத் தெரிந்தது ஒரே சீக்குதான்.

மறுநாள் வேலைக்குப் போன அக்காவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் மேஜைக்கு அந்தக் கோடியில் இரண்டு பெண்களின் உதடு அசைந்தது. அக்கா அதைப் படித்துவிட்டார். நேராக என்னிடம் வந்தார். கூடத்தின் நடுவிலேயே நின்றுகொண்டு அழுதார். அழுகையும் அதே குரலில்தான்.

"எனக்கு எய்ட்ஸுன்னு பேசறாளுக கண்ணு. பேசிட்டுப் போறாளுக. எந்தம்பி மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கறான். அவன் மாமனாரு வந்து, அந்த ரத்தம் வேண்டாமுன்னு சொல்லிப்போட்டாராமா. எங்கிட்ட ஒரு கிட்னி சும்மா கெடக்குது, எந்தம்பி தண்ணியில்லாமச் சாகறான் கண்ணு!"

அவர் சம்மதம் இல்லாமல் அவருடைய முடிவை வெளியில் சொல்ல எனக்கு உரிமையில்லை. அதைச் சொன்னேன்.

"சம்மதந்தானே? குடுத்துட்டேன் போ. ஊரு பூராவும் சொல்லு. வா, எங்கூட வந்து அவங்க ஊட்ல சொல்லு."

போனோம். தம்பி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூலனூர்ப் பக்கம் முருங்கை விவசாயம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. டீகூடக் குடிக்காதவர், வேப்பங்குச்சி தவிர வேறெதையும் பல்லில் வைக்காதவர் என்று அவரே முதல் பேச்சில் சொல்லிவிட்டார். மோசமான மனிதர் இல்லை. மகள் சின்ன வயதில் தாலியை இழந்துவிடுவாளோ என்று நடுங்கிப் போயிருந்தார். அந்த நடுக்கம் வீம்பாக வெளியே வந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். எச்.ஐ.வி. இல்லை என்றேன். இது வேறு, அநேகமாக எல்லாருக்கும் இருப்பது என்றேன். அவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க அம்மிணி. நீங்க படிச்சவங்க, இந்தப் புள்ளைக்காக எதாச்சும் சொல்லத்தான் சொல்லுவீங்க. எல்லார்த்துக்கும் இருக்குதுன்னா நான் எப்படீங்க நம்பறது?"

கட்டிலிலிருந்து தம்பி மெல்ல, "எனக்கும் அது இருக்குதுன்னு கோயமுத்தூர்ல சொன்னாங்க மாமா" என்றார்.

"இருக்கும் மாப்ளை. சின்னதுல இவங்க கையாலதான சோறு தின்னீங்க? அக்கட்டருந்து இக்கட்ட வந்திருக்கும்."

இதில் பாதி உண்மையாகவே இருக்கலாம். எச்சில் வழியாகப் பரவுகிற கிருமிதான் அது.

"எங்கூட்டு ரத்தத்துல இந்தக் கருமமெல்லாம் கெடையாதுங்க" என்று அவர் முடித்தார்.

அக்கா சேலை முந்தானையை இழுத்துச் செருகினார். "அப்ப நாளைக்கு வாங்க மாமா. உங்க ரத்தத்தையும் பாத்துப்போடலாம். சுத்தமா இருந்துச்சுன்னா நான் இந்தப் பேச்சையே எடுக்கறதில்லீங்க. வேற கிட்னி தேடிக்கங்க."

அநேகமாக எல்லாருக்கும் என்றால் எல்லாருக்கும் என்று அர்த்தமில்லை. இவர் அந்த அபூர்வமான சிலரில் ஒருவராக இருந்துவிட்டால்? தம்பியின் உயிரை இந்த மனுஷி இப்படிப் பந்தயத்தில் வைத்துவிட்டாளே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. வரும் வழியில் சொன்னேன். "நீதானே கண்ணு சொன்ன, அநேகமா எல்லார்த்துக்கும்னு? அந்த 'அநேகமா' போதும் எனக்கு" என்றார்.

மறுநாள் மாமனார் வந்தார். துவைத்துப் பெட்டி போட்ட சட்டை. ஆலோசனைக் கேள்விகளைக் கேட்டபோது என்னைவிட மெல்லிய குரலில், சுவரைப் பார்த்தபடியே பதில் சொன்னார். ரத்தம் எடுக்கும்போது ஊசியை வெறித்துப் பார்த்தார், அது ஏதோ தன்மேல் பழி சொல்லப் போகிறது என்பதுபோல.

முடிவு வந்த அன்று அக்காவும் தம்பியும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பழையபடி பெஞ்சு நிறைய ஆட்கள். அக்காவின் லைன் வீட்டுக்காரம்மா ஒருவரும் சர்க்கரை பார்க்க வந்திருந்தார், கொஞ்சம் தள்ளி. மாமனாரை உள்ளே வைத்து நான் தாளைக் கொடுத்தேன். மற்றதெல்லாம் இல்லை. சைட்டோமெகலோ பாசிட்டிவ். எனக்குள் ஒரு சந்தோஷம் குதித்தது. அதை முகத்தில் காட்டாமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் வெகுநேரம் தாளையே பார்த்தார். பிறகு அதை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"இதை வெளீல சொல்லிப்போடாதீங்க அம்மிணி."

"சொல்ல மாட்டேன்யா. அது உங்களோடது."

கதவைத் திறந்தார். அக்கா பெஞ்சிலிருந்தே கேட்டார். "என்னுங்க மாமா, சுத்தமா இருக்குதுங்களா?"

கூடம் மொத்தமும் அவரைப் பார்த்தது. 'ஆமா' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டியிருக்கலாம். நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன், திறக்கவும் கூடாது. அக்காவும் சொன்ன சொல்லைக் காப்பாற்றி விலகியிருப்பார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். மாமனாரின் பார்வை மருமகனின் வீங்கிய கால்மேல் போய் நின்றது.

"இல்லீங்க அம்மிணி" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "அந்தச் சைக்கிள் கிருமி எனக்கும் இருக்குதுங்க. எனக்கும் பாசிட்டிவுங்க!"

அக்கா எழுந்து நின்றார். கெலித்துவிட்ட திமிர் கொஞ்சமும் இல்லை. முகம் பூரா நிம்மதி. ஒரே தொட்டியில் சாயம் ஏறிய துணியைப் பனியன் கம்பெனியில் ஒரு லாட் என்பார்கள். சட்டையின் கையும் உடம்பும் வேறு வேறு லாட்டாக இருந்தால் நிறம் மாறித் தெரிந்து பீஸைக் கழித்துவிடுவார்கள். ஒரே லாட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துத் தைக்கலாம்.

"அப்ப எல்லாம் ஒரே லாட்டுங்க மாமா! நீங்க, நான், தம்பி, எல்லாம் ஒரே லாட்டு! தைக்கலாமுங்க!"

மாமனார் சிரித்துவிட்டார். தம்பி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா அவர் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தார். கோபமெல்லாம் அந்தக் குட்டோடு தீர்ந்தது.

லைன் வீட்டுக்காரம்மா நகர்ந்து பக்கத்தில் வந்தார். "அப்ப உங்களுக்கு அந்தச் சீக்கு இல்லீங்களா? நல்லவேளைங்க" என்றார்.

"இருந்தா மட்டும் என்னுங்க?" அக்கா சடாரென்று திரும்பினார். "தள்ளி உக்காந்துக்குவீங்களா? சீக்கு வந்தவங்க என்ன களவாண்டாங்களா?"

மூலையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த ஒருவர் மட்டும் நிமிர்ந்து அக்காவை நன்றாகப் பார்த்தார். ஏன் என்று நான் சொல்ல மாட்டேன். அது என் வேலை.

மாமனார் அதற்குப் பிறகு ஆளே மாறிவிட்டார். மூலனூர்ச் சந்தையில் முருங்கைக்காய்க் கட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு, "எனக்குப் பாசிட்டிவுங்க" என்று ஆரம்பிப்பாராம். வியாபாரிகள் ஓரடி பின்னால் போனதும், "உங்களுக்கும் இருக்குமுங்க" என்று முடிப்பாராம். இதில் அவருக்கு ஓர் அலாதி சந்தோஷம் என்று அக்கா சொன்னார்.

கோயமுத்தூரில் அறுவை சிகிச்சை நடந்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. அக்காவின் வீட்டுக்காரருக்குப் போன் போட்டால், "ரெண்டு பேரும் உள்ளதான் இருக்காங்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாள் காலை கூடம் நிரம்பி வழிந்த நேரத்தில் கவுன்டர் போன் அடித்தது. எடுத்தேன். யாரோ மூச்சு விடுகிற சத்தம்தான் வந்தது.

"யாருங்க? சத்தமாப் பேசுங்க, ஒண்ணும் கேக்கல."

மறுபடியும் வெறும் காற்று. வைத்துவிடப் போனேன். அந்தக் காற்றுக்குள் 'கண்ணு' என்று ஒரு சொல் இருந்தது. மயக்கம் கொடுக்கும்போது தொண்டைக்குள் குழாய் போட்டதில் அக்காவுக்குக் குரல் கட்டிப்போயிருந்தது. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"தம்பி ஒண்ணுக்குப் போயிட்டான் கண்ணு... வெச்ச ஒடனே வந்துருச்சாமா... பை ரொம்பிக்கிட்டே இருக்குதாமா... கிட்னி நல்லா வேலை செய்யுதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு..."

எனக்குக் கண்ணை மறைத்தது. "யக்கா, யக்கா" என்றேன்.

"எல்லார்த்துக்கும் சொல்லோணும் கண்ணு... எனக்குச் சத்தம் வர மாட்டேங்குது... நீ சொல்லு..."

நான் ரிசீவரைப் பிடித்தபடியே கூடத்தைப் பார்த்துத் திரும்பினேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது.

"எல்லாரும் கேளுங்க! எங்க அக்காவோட தம்பி ஒண்ணுக்குப் போயிட்டாரு! கிட்னி வேலை செய்யுது!"

ஒரு நொடி எல்லாரும் திகைத்தார்கள். பிறகு விஷயம் தெரிந்தவர் யாரோ கைதட்டினார். தெரியாதவர்களும் சேர்ந்து தட்டினார்கள். சோதனைக்கான டப்பாவைக் கையில் ஏந்திக்கொண்டு அப்போதுதான் கழிப்பறையிலிருந்து வெளியே வந்த ஒரு பெரியவர், எல்லாரும் தனக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து, கூச்சத்தோடு தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார்.

"ஆரு கண்ணு கை தட்டறது?" என்றது போன்.

"எல்லாருந்தான்க்கா."

பிறகு அந்தக் காற்றுக் குரல், "இன்னொருக்கா சொல்லு கண்ணு. எனக்கும் கேக்கட்டும்" என்றது.

நான் மறுபடியும் சொன்னேன், இன்னும் சத்தமாக.